கம்போஸ்ட் டீ: பூஞ்சை வாளியில் பிறப்பதில்லை
(தோட்டம் – வாசகர் கேள்வி பதில்)

20 லிட்டர் வாளியில் ஒரு கிலோ மண்புழு உரம், 200 கிராம் நாட்டுச் சர்க்கரை போட்டு, மீன் தொட்டி பம்ப் வைத்து இரண்டு நாள் ஓட்டினேன். நுரை பொங்கி வந்தது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியா மட்டும்தான் நெளிகிறது. பூஞ்சை இழை ஒன்றுகூட இல்லை. என்ன காரணம்?
– வாசகர், ஈரோடு

மக்கு உரத்தைத் தண்ணீரில் போட்டு, காற்று ஊட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தண்ணீரில் இறக்கி எடுப்பதுதான் கம்போஸ்ட் டீ. மரத்துக்கும் புதருக்கும் ஊற்றுபவர்கள் அதில் பூஞ்சையைத் தேடுகிறார்கள். வாளிக்குள் பூஞ்சையை வளர்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். அது நடக்காது. சாதகமான சூழலில் பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். பூஞ்சை அப்படிப் பெருகுவதில்லை. இழையின் நுனி நீண்டு, ஏதாவது ஒரு துணுக்கைப் பற்றிப் படர்ந்துதான் வளரும். அதற்கு நாள் கணக்கில் அவகாசம் வேண்டும், அசையாத இடமும் வேண்டும். குமிழி அடித்துச் சுழலும் தண்ணீரில் இரண்டும் கிடையாது. மக்கு உரத்தில் ஏற்கெனவே இருக்கும் இழைத் துண்டுகளையும் வித்துகளையும் பிரித்துத் தண்ணீரில் மிதக்கவிடுவது ஒன்றுதான் டீ செய்யும் வேலை. உரத்தில் இல்லாதது டீயில் வராது.

உங்கள் கலவையில் மூன்று கோளாறுகள் உள்ளன. முதலாவது, மண்புழு உரம். காய்கறிக் கழிவும் சாணமும் தின்று புழு போட்ட உரத்தில் பொதுவாக பாக்டீரியாதான் மிகுந்திருக்கும். மோசமான உரம் என்று சொல்லவில்லை. நீங்கள் தேடும் பொருள் அதில் குறைவு, அவ்வளவுதான். இரண்டாவது, சர்க்கரை. 20 லிட்டரில் 200 கிராம் என்றால் ஒரு சதவீதக் கரைசல். அது பாக்டீரியாவுக்கு வைத்த விருந்து. அவை வெடித்துப் பெருகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். மூன்றாவது, பம்ப். ஒரே குழாய் உள்ள சிறிய மீன் தொட்டி பம்ப் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று லிட்டர் காற்றுதான் தரும். இவ்வளவு சர்க்கரை போட்ட 20 லிட்டருக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

நுரையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கரைந்த புரதமும் சர்க்கரையும் இருந்தாலே நுரை வரும். தரையெல்லாம் வழிந்தால் நல்லெண்ணெய் நாலு சொட்டு விடுங்கள், அடங்கும்.

அப்படியானால் பூஞ்சை மிகுந்த மக்கு உரத்தை வீட்டிலேயே எப்படித் தயாரிப்பது? எங்கள் தோட்டத்தில் மா, பலா, தென்னை இருக்கின்றன. சருகுக்குப் பஞ்சமில்லை.
– வாசகி, பொள்ளாச்சி

சருகு இருக்கிறதல்லவா, பாதி வேலை முடிந்தது. பச்சைத் தழையும் சாணமும் பாக்டீரியாவின் உணவு. சருகு, சுள்ளி, மரச்சிராய், தேங்காய் மட்டை போன்ற, மரத்தன்மை தரும் லிக்னின் மிகுந்த பொருள்கள் பூஞ்சையின் உணவு. கூடைக் கணக்கில் சொன்னால் உலர்ந்த இலை 6, விரல் நீளத்துக்கு வெட்டிய சுள்ளியும் மட்டைத் துண்டும் 2, பச்சைத் தழை 1, சாணம் 1. தைல மர இலையைத் தவிருங்கள். அதன் எண்ணெய் நுண்ணுயிர்களை அண்டவிடாது. வேப்பிலை ஒரு கைப்பிடி கலந்தால் கெடுதல் இல்லை, குவியலே வேப்பிலையாக இருக்கக் கூடாது.

இரண்டாவது விதி, புரட்டாதீர்கள். புரட்டும்போதெல்லாம் இழைகள் அறுந்து போகும். ஆனால் புரட்டாவிட்டால் நடுவில் காற்று போகாதே என்ற சிக்கல் வரும். இதற்கு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சனும் அவர் மனைவி ஹுய்-சுன் சூவும் ஒரு வழி கண்டார்கள். குவியலுக்குள் செங்குத்தாகக் குழாய்களை நட்டு, எந்தப் பகுதியும் காற்றிலிருந்து ஓரடிக்கு மேல் விலகாமல் அமைப்பது. குவியல் இறுகிய பின் குழாயை உருவிவிட்டால் ஓட்டை அப்படியே நிற்கும்.

வீட்டளவில் இதைச் சுருக்கிச் செய்யலாம். வெல்ட் மெஷ் கம்பி வலையை இரண்டடி விட்டத்தில், மூன்றடி உயரத்தில் உருளையாகச் சுருட்டிக் கட்டுங்கள். உட்புறம் நிழல்வலை. நடுவில் 4 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று போதும். பொருள்களை எல்லாம் ஒரு பீப்பாய்த் தண்ணீரில் முக்கி எடுத்து, வடிந்த பின் நிரப்புங்கள். காய்ந்த சருகைக் கொட்டி மேலே தண்ணீர் தெளித்தால் உள்ளே நனையவே நனையாது. இந்த முறை தோற்கும் இடங்களில் பாதி அதுதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ குழாயை மெல்லத் திருகி உருவுங்கள். முதல் வாரம் சூடேறும். சூடு தணிந்து கைபொறுக்கும் நிலைக்கு வந்ததும் மண்புழு ஒரு கைப்பிடி விடலாம். அப்புறம் ஈரம் காப்பது ஒன்றே வேலை. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நனைத்த சாக்கு போர்த்தாவிட்டால் பத்து நாளில் ஓரமெல்லாம் காய்ந்து, வளர்ந்த இழை செத்துவிடும்.

ஆண்டு முழுவதும் விட்டால் களிமண் பதத்தில், கறுத்து, மழை மணம் வீசும் உரம் கிடைக்கும். அவசரமென்றால் உங்கள் தோட்டத்திலேயே பழைய பலா மரத்தடியில் மேல் சருகை விலக்கிப் பாருங்கள். அடியில் பாதி மக்கிய இலைகளை வெள்ளை நூல் கோத்துப் பிடித்திருக்கும். அதில் இரண்டு கைப்பிடி எடுத்துச் சாதாரண மக்கு உரத்தோடு கலந்து, ஈரமாக ஒரு மாதம் நிழலில் வையுங்கள். வேரழுகல், வாடல் கண்ட மரத்தடியில் மட்டும் எடுக்காதீர்கள். காப்புக் காட்டுக்குள் போய் அள்ளுவது சட்டப்படி குற்றம். அந்த யோசனை வேண்டாம்.

என் உரக் குவியலைக் கிளறினால் உள்ளே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது. இது நல்ல பூஞ்சைதானே?
– வாசகர், விழுப்புரம்

இல்லை. குவியல் சூடான பகுதியில் சுண்ணாம்பு தூவியதுபோல் தெரிவது பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ். பார்க்க இழைபோல் இருந்தாலும் அது பாக்டீரியா இனம். முதல் மழையில் மண் மணப்பதற்குக் காரணமான ஜியோஸ்மினைச் சுரப்பதும் அதுதான். இருந்துவிட்டுப் போகட்டும், நன்மை உண்டு. மண்ணோடு ஒட்டிய பொடியாக இல்லாமல், இலைக்கு இலை தாவிப் பிடித்த நூலாகத் தெரிந்தால்தான் பூஞ்சை.

டீ போடுவதற்கு முன் உரத்தில் ஓட்ஸ் மாவு கலந்து பூஞ்சையைத் ‘தூண்ட’ வேண்டும் என்கிறார்கள். ஓட்ஸுக்குப் பதில் தவிடு போடலாமா? அளவு என்ன?
– வாசகி, சென்னை

போடலாம். இரண்டு கப் முதிர்ந்த மக்கு உரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸ் மாவு அல்லது சலித்த அரிசித் தவிடு. இதற்கு மேல் வேண்டாம். குளோரின் இல்லாத தண்ணீரில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் ஹியூமேட் (ஹியூமிக் அமிலத்தின் உப்பு) கரைத்துத் தெளித்துப் பிசிறுங்கள். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அகலமான பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு அமுக்காமல் பரப்பி, மெல்லிய துணி மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். குளிர்நாடுகளில் இதற்கு ஒரு வாரம் வரை ஆகும். சென்னை வெக்கையில் இரண்டாம், மூன்றாம் நாளே பஞ்சுபோல் பூத்துவிடும்.

தவிடு கூடினால் புளித்த மாவு வாடை அடிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் அந்தப் பகுதியை மட்டும் அள்ளி எறியாமல் மொத்தத்தையும் குவியலில் கொட்டிவிடுங்கள். குண்டூசித் தலைபோல் கறுப்புப் புள்ளிகளோடு நீளமான வெள்ளை முடி வந்தால், அது ரொட்டியில் பூக்கும் காளான் வகை. மாவைத் தின்ன வந்தது. மாவு தீர்ந்ததும் போய்விடும். இந்தத் தூண்டல் முறையை இதனால்தான் ஓரளவுக்கு மேல் நம்புவதில்லை. பஞ்சு பூத்துவிட்டதாலேயே மரத்துக்கு உதவும் பூஞ்சை கிடைத்துவிட்டதாக ஆகாது. நல்ல உரம் கையில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

இதை முகர்ந்து பார்க்கவே கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கையாளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் கிட்டவே போக வேண்டாம். கரும்பூஞ்சை நோயை உண்டாக்கும் இனங்களும் இந்த ரொட்டிக் காளான் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

20 லிட்டர் வாளிக்குச் சரியான அளவும் பம்பும் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எதைப் போட வேண்டும்?
– வாசகர், திருச்சி

வாளியில் 18 லிட்டர் தண்ணீர் எடுங்கள், மீதி நுரைக்கு. பம்ப் வாங்கும்போது வாட் பார்க்காமல், அட்டையில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 0.4 முதல் 0.6 லிட்டர் காற்று என்று கணக்கு வைத்தால், 18 லிட்டருக்கு 7 முதல் 11 லிட்டர். கல்லில் வரும் நுண்துளை ஏர் ஸ்டோன் இரண்டு முறை ஓட்டியதும் வழவழப்பு பிடித்து அடைத்துக்கொள்ளும். அரை அங்குல பி.வி.சி. குழாயை வட்டமாக வளைத்தோ சதுரமாக எல்போ போட்டோ, அடிப்பக்கம் 2 மி.மீ. துளைகள் இட்டு வாளியின் அடியில் வையுங்கள். கழுவுவதும் எளிது. தண்ணீரில் எந்த மூலையும் அசையாமல் நிற்கக் கூடாது. கசடு தங்கிய இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும்.

முதலில் தண்ணீரை மட்டும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு பொட்டாசியம் ஹியூமேட் தூள் 5 கிராம், திரவமாக இருந்தால் 20 மி.லி. அடுத்து, கரையும் கடல்பாசித் தூள் 10 கிராம். திரவக் கடல்பாசி வாங்கினால் கெடாமலிருக்க மருந்து சேர்த்ததா என்று லேபிளில் பாருங்கள். சேர்த்திருந்தால் டீக்கு ஆகாது. கடைசியாக மக்கு உரம் அரை கிலோ. பையில் கட்டித் தொங்கவிடுவதைவிட நேரடியாகக் கொட்டுவதே மேல். பைதான் என்றால் கொசுவலைப் பையில் தளர்வாகக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பிசைந்துவிடுங்கள். பூஞ்சை இழை துணுக்குகளில் ஒட்டியே இருக்கும், பிசையாமல் பிரியாது.

வெல்லம், மொலாசஸ், கருப்பட்டி எதுவும் வேண்டாம். மீன் அமிலம் கேட்பார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் வருவது நொதியால் கரைத்த மீன் சாறு, அதில் சர்க்கரை இல்லை. நம் மீன் அமிலம் மீன் கழிவும் வெல்லமும் சம எடை சேர்த்து ஊறவைத்தது. அதைப் போடுவது வெல்லம் போடுவதில் பாதி. ஆசைப்பட்டால் 10 மி.லி.யோடு நிறுத்துங்கள்.

நேரம்தான் முக்கியம். குறிப்புகளில் 24 முதல் 36 மணி என்று இருப்பது 20 டிகிரி பக்கம் உள்ள தண்ணீருக்கு. அந்த வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மி.கி. ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மொட்டை மாடித் தொட்டியில் 35 டிகிரிக்குச் சுட்ட தண்ணீர் 7-க்கும் கீழ். டீயில் 6-க்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் எல்லை. ஆகவே நம் ஊர் வெயில் காலத்தில் கையிருப்பே கிடையாது. நிழலில் வையுங்கள், மாலை தொடங்கி 18 மணி நேரத்தில் இறக்குங்கள். மார்கழி, தையில் 24 மணி வரை போகலாம். அதற்கு மேல் ஓட்டினால் பாக்டீரியா ஏறுமே தவிர பூஞ்சை கூடாது.

நடுவில் கரண்ட் போய்விட்டால்?
– வாசகி, தஞ்சாவூர்

ஒரு மணி நேரம் வரை கவலையில்லை. கால் மணிக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கலக்குங்கள். சர்க்கரை இல்லாத டீ தாங்கும், சர்க்கரை போட்டது தாங்காது. மூன்று மணி நேரம் தாண்டி, வாடையும் மாறியிருந்தால் குவியலில் கொட்டுங்கள். இந்த அளவு பம்ப் சாதாரண மின்விசிறியைவிடக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். இன்வெர்ட்டரில் தாராளமாக ஓட்டலாம். இன்னொன்று, பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போன நொடியில் வாளித் தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் ஏறிவிடும்.

மாநகராட்சித் தண்ணீர் பயன்படுத்தலாமா? ஆழ்குழாய்த் தண்ணீர் எப்படி?
– வாசகர், மதுரை

மாநகராட்சித் தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ ஒரு மணி நேரம் காற்று ஓட்டினாலோ குளோரின் போய்விடும். ஆழ்குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் கடினத்தன்மை மிகுந்திருந்தால் ஹியூமிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்து பழுப்புத் திப்பியாக அடியில் படியும். ஒரு டம்ளரில் சோதித்துப் பார்த்துவிட்டு வாளிக்குப் போங்கள். மழைநீர் சேமித்திருந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

வேட்டித் துணியில் வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றியும் நாசில் அடைக்கிறது. வேறு துணி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

வேட்டித் துணியிலேயே உங்கள் பூஞ்சை முழுவதும் தங்கிவிட்டது. தெளித்தது பாக்டீரியா கலந்த தண்ணீர். துளை 0.4 மி.மீ.க்குக் குறையாத நைலான் வலை வேண்டும். பெயின்ட் வடிகட்டும் பை சரியாக இருக்கும். அதற்கும் நாசில் அடைத்தால் உள்ளே இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, பெருந்துளை நாசில் போடுங்கள். எங்கள் யோசனை, பூஞ்சை டீயைத் தெளிக்கவே வேண்டாம். பூவாளியில் ஊற்றி வேர்ப்பகுதிக்கு விடுங்கள். இலைமேல் விழும் இழை வெயிலில் காய்ந்து போகும். மண்ணில், அதுவும் மூடாக்குக்கு அடியில் விழுந்தால் பிழைக்கும்.

எந்தெந்தச் செடிக்கு, எவ்வளவு?
– வாசகி, நாகர்கோவில்

மா, பலா, எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை, மல்லிகை, ரோஜா போன்ற மரமும் புதரும்தான் பூஞ்சை மிகுந்த மண்ணை விரும்புபவை. தக்காளி, கத்தரி, மிளகாய்க்குக் கொடுக்கலாம். கீரை வகைகள், முள்ளங்கி, முட்டைகோஸுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அவற்றுக்கு மக்கு உரமும் ஜீவாமிர்தமும் போதும்.

டீ ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர், காய்க்கும் மரத்துக்கு, தண்டை ஒட்டி அல்லாமல் கிளை விரிந்த எல்லையைச் சுற்றி, 10 லிட்டர். மண் முன்பே ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை போதும். கார்பென்டாசிம், காப்பர் ஆக்ஸிகுளோரைடு போன்ற பூஞ்சைக்கொல்லி அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்து.

பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி மேல் எந்த டீயையும் தெளிக்காதீர்கள். அமெரிக்காவின் தேசிய இயற்கை விவசாயத் தர வாரியத்துக்காக 2004-ல் ஒரு குழு இதை ஆராய்ந்து, சர்க்கரை போன்ற சேர்மானங்கள் டீயில் ஈ.கோலை, சால்மோனெல்லா பெருக இடம் கொடுக்கும் என்று எச்சரித்தது. வெல்லம் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். பச்சைச் சாணத்தில் டீ போடவே கூடாது.

வேர் உட்பூசணம் (மைக்கோரைசா பூஞ்சை), டிரைக்கோடெர்மா விரிடி இரண்டையும் வாளியில் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகுமா?
– வாசகர், சேலம்

இரண்டும் வீண். வேர் உட்பூசணம் உயிருள்ள வேருக்குள்தான் வளரும். வாளியில் 18 மணி நேரம் சுற்றவிட்டால் வெறுமனே ஊறும். நடும்போது குழியில், வேரில் படும்படி போடுங்கள். டிரைக்கோடெர்மா மற்ற பூஞ்சைகளைச் சுற்றி வளைத்துத் தின்னும் குணம் கொண்டது. நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த கூட்டத்துக்குள் அதை எதற்கு விட வேண்டும்? வேரழுகல் இருக்கிறது என்றால், ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ விரிடியை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து இடும் வழக்கமான முறையே அதற்குச் சரி. வீட்டுத் தோட்டத்துக்கு அதே விகிதம், கிலோ தொழு உரத்துக்கு 50 கிராம்.

உண்மையில் இதனால் பயன் உண்டா, அல்லது எல்லாம் விளம்பரமா?
– வாசகர், புதுச்சேரி

உரம் என்று பார்த்தால் பயன் சொற்பம். அரை கிலோ மக்கு உரத்தில் உள்ள சத்து 18 லிட்டரில் கரைந்தால் எவ்வளவு மிஞ்சும்? நோய்க்கட்டுப்பாடு என்று பார்த்தால் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவின் ஆரிகனில் ஷ்யூரல், மஹாஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளரி நாற்றழுகலைக் காற்றூட்டிய டீ கட்டுப்படுத்தியது. கடல்பாசியும் ஹியூமிக் அமிலமும் சேர்த்தது சீராக வேலை செய்தது. மொலாசஸ் சேர்த்தது ஒரு முறை வேலை செய்தது, ஒரு முறை செய்யவில்லை. இதே பலன் எல்லா நோய்க்கும் எல்லாத் தோட்டத்திலும் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மக்கு உரம் தாராளமாக இருந்தால் அதையே மரத்தடியில் இரண்டு அங்குலம் போட்டு, மேலே சருகு மூடாக்குப் போடுங்கள். பூஞ்சை தானே வேர் தேடிப் போகும். உரம் கொஞ்சம், தோட்டம் பெரிது என்ற நிலையில்தான் டீ கைகொடுக்கும்.

நுண்ணோக்கி வாங்க எண்ணம். எதைப் பார்த்துப் பூஞ்சை என்று முடிவு செய்வது?
– வாசகர், கோவை

40 மடங்கு பொருள்வில்லையும் 10 மடங்கு கண்வில்லையும் சேர்ந்து 400 மடங்கு தரும் பள்ளி நுண்ணோக்கி போதும். டீயைப் பார்ப்பதற்கு முன் உரத்தைப் பாருங்கள். ஒரு பங்கு உரத்தை ஐந்து பங்கு தண்ணீரில் அரை நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு சொட்டு எடுத்து, ஒளித்துளையைச் சுருக்கி வைத்துப் பாருங்கள். ஒளி அதிகமானால் நிறமற்ற இழை கண்ணில் படாது. சீரான தடிமனில், மூங்கில் கணுபோல் இடையிடையே தடுப்புச் சுவரோடு, பழுப்பாக ஓடுவது நாம் தேடும் இழை. நிறமின்றி, தடுப்பே இல்லாமல் மெலிந்து ஓடுவதைச் சந்தேகத்தோடு பாருங்கள். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் அப்படித்தான் இருக்கும். முனை சிலும்பி, அகலம் மாறி மாறி வருவது பஞ்சு நாரோ இலை நாரோ. இருபது இடம் நகர்த்திப் பார்த்தும் உரத்தில் ஓர் இழையும் தட்டுப்படவில்லை என்றால் அந்த உரத்தில் டீ போடாதீர்கள்.

மிஞ்சியதைப் பாட்டிலில் மூடி வைக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

கூடாது. பம்ப் நின்ற நாலு மணி நேரத்துக்குள் ஊற்றி முடியுங்கள். மிஞ்சினால் உரக் குவியலில். வாளியையும் குழாயையும் அப்போதே தேய்த்துக் கழுவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் கழுவலாம் என்று விட்டால் வழவழப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.